சுட்டுவிரலும் ஆணையும்

“உகாஸ்” என்பது ருஷ்யச் சொல். சார் மன்னர்களின் கட்டளைகளுக்கு வழங்கிய பெயர். ஆங்கிலத்திற் புகுந்தபின், மறுபேச்சுக்கு இடங்கொடாத எதேச்சாதிகார ஆணை எதனையும் குறிக்கும் ஏளனச் சொல்லாகவும் அது வழங்கலாயிற்று. ஆயின் அதன் மூலத்தை நோக்குமிடத்து அதிகாரத்தின் சாயல் ஆங்கு இல்லை. சுட்டிக்காட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது அச்சொல். சுட்டுவிரலுக்கும், கரும்பலகையில் எழுத்தைக் காட்ட ஆசிரியர் எடுக்கும் கோலுக்கும் ருஷ்ய மொழியில் உள்ள பெயர்கள் அதே அடியைச் சேர்ந்தவை.

வழியைச் சுட்டுபவன் மற்றவனுக்கும் கண் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறான். காட்டியது பிழையெனின் மற்றவன் அதைச் சொல்லலாம். அவ்வுரிமை பறிபோகும்போதே சுட்டுதல் ஏவுதலாகிறது. 1876 இல் இரண்டாம் அலெக்சாந்தர், ஜெர்மனியிலுள்ள எம்ஸ் என்னும் நீரூற்று நகரில் தங்கியிருந்தபோது ஓர் உகாஸில் ஒப்பமிட்டார். உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுதலும் நாடகமாடுதலும், சில விலக்குகள் தவிர, தடைசெய்யப்பட்டன. ஒரு மக்களின் தாய்மொழியை அவர்கள் காணாத ஊரிலிருந்து வாய்மூடச் செய்ய ஓர் ஒப்பம் போதுமாயிருந்தது. அங்கே மக்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்டது யாது?

1917 இல் புரட்சி அரசு இப்பழம் பெயரை விலக்கியது. சமாதானம் பற்றியும் நிலம் பற்றியும் அது வெளியிட்டவை “தெக்ரெத்” எனப்பட்டன. தீர்மானிக்கப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் வழிச் சொல் அது. நில ஆணையின் பெரும்பகுதி, 242 உள்ளூர் விவசாயக் கோரிக்கைகளிலிருந்து தொகுக்கப்பட்ட “நகாஸ்” ஆகும். இதுவும் உகாஸின் உடன்பிறப்பே. ஆயின் இங்கே விரல் கீழிருந்து மேல்நோக்கி நீண்டது. இது எதிர்க்கட்சியார் தொகுத்ததன்றோ என்று கேட்டவர்களுக்கு, நாம் உடன்படாதபோதும் மக்களின் முடிவைப் புறக்கணித்தல் தகாது என்ற கருத்துப்பட லெனின் விடையிறுத்தார். (பெயரளவில் மயங்கலாகாது. 1767 இல் இரண்டாம் கதரீன் மகாராணி சட்டக் குழுவினருக்கு விடுத்த அறிவுறுத்தலின் பெயரும் நகாஸ்தான்.)

முற்போக்காளராகிய நாம் கூசாமற் பேசவேண்டியது இதற்குப் பிந்திய கதையை. 1936 ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பு, உயர் சோவியத்தின் தலைமைக் குழுவுக்கு உகாஸ் பிறப்பிக்கும் அதிகாரத்தை வழங்கிற்று. 1940 யூன் 26 ஆம் திகதிய உகாஸ், அனுமதியின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளிக்கு இரண்டு முதல் நான்கு மாதச் சிறை விதித்தது. போர் வாசலில் நின்றதென்பது மெய். அந்நியாயத்தை நான் அற்பமாகக் கொள்ளவில்லை. ஆயினும் போர் முடிந்து பதினோராண்டு கழித்து, 1956 இலேதான் அது முற்றாக நீக்கப்பட்டது. போர் சுட்டிய காரணம் மறைந்தபின்னரும் அந்த ஆண்டுகளில் விரல் நீட்டியபடியே இருந்தது. எதனைக் காட்டி?

அக்கேள்வியைக் கேட்கக்கூடிய தொழிலாளியின் பெயரால் நடந்த அரசு அது. சார் ஆட்சியின் சொல் திரும்பிவந்ததனால் சார் ஆட்சி திரும்பிவிட்டதென்று வாதிடுதல் சிறுபிள்ளைத்தனம். ஆனால், விளக்கம் கேட்டால் குற்றமென்ற நிலை திரும்பிவந்தபோது, அதற்குப் பழம் பெயரே பொருத்தமாய் அமைந்தது.

சோவியத் ஒன்றியம் 1991 இல் மறைந்தது. 1993 இல் எழுந்த ருஷ்ய அரசியலமைப்பிலும் சனாதிபதியின் ஆணைக்குப் பெயர் உகாஸ்.