தோட்டத்து முள்ளெலியும் அமானிதமே

 

கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் என்று நம்மில் பலருக்குப் பூர்வீக வீடும் தோட்டமும் தென்பாண்டிச் சீமையில் உண்டு. அங்குள்ள வறண்ட நிலங்களில் முள்ளெலி என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. பகலில் புதரில் பதுங்கி, இரவில் வெளிவந்து, வண்டு, கறையான் முதலிய பூச்சிகளைத் தின்னும். ஆளைக் கண்டால் ஓடாது, பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஆகவே அதைப் பிடிப்பது எளிது. குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதைக் கொன்று முள்ளெடுப்போரும் உளர். கக்குவானுக்குத் தடுப்பூசி இருக்கையில் ஓருயிரை வீணே போக்கலாமா?

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் பறவைக் குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே சேர்ப்பிக்கும்படி பணித்தார்கள். அபூதாவூதில் பதிவான இச்செய்தி நமக்கொரு பாடமன்றோ!

ஆதலால் ஊருக்குப் பேசும்போது வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவைப்போம்: சருகைக் கொளுத்துமுன் உள்ளே முள்ளெலிக் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் தாழ்ந்த தட்டில் தண்ணீர் வையுங்கள். பால் வேண்டாம், அதற்கு ஒத்துக்கொள்ளாது. கூண்டும் வேண்டாம். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். மண்ணும் அதில் வாழும் உயிரும் அல்லாஹ்வின் அமானிதம். பிறர் ஒப்படைத்த சரக்கைப் பத்திரமாய்த் திருப்பித் தரும் வணிகருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இரக்கமுள்ள இதயத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.