கடல் கடந்த பட்டம்

டர்பன் நகரத்து வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். நாயுடு, பிள்ளை, படையாச்சி, மூட்லி. இவற்றோடு பக்கத்துக்குப் பக்கம் 'கோவெண்டர்'. போர்த்துக்கீசியப் பெயரோ என மயங்க வேண்டா. அவர் நம் கவுண்டரே! வெள்ளையன் நாவில் புரண்டு, எழுத்தன் பேனாவில் வளைந்து, கவுண்டர் கோவெண்டர் ஆனார்.

1860 அக்டோபரில் 342 பேரைச் சுமந்து சென்னையை விட்டுக் கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையில் ஏறியோர். ஏறும்போதே எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் எனப் பதிவேடு நிரம்பிற்று. குடும்பப் பெயர் என்றொரு வழக்கமே அறியாதவன் தமிழன். அந்நாட்டுச் சட்டமோ அதனைக் கேட்டது. வெற்றிடத்தில் பட்டம் ஏறி அமர்ந்தது.

கோவெண்டர் அனைவரும் கொங்கு நாட்டார் என்றும் எண்ணலாகாது. கவுண்டர் பட்டம் கொங்கு வேளாளருக்கு மட்டும் உரியதன்று; வன்னியரும் குரும்பரும் அதனைத் தாங்கினர். எந்தக் கவுண்டர் என்று கேட்டால் கொள்ளுப்பேரர் பலர் விழிப்பர். சாதி அங்கே ஒரே நாளில் மாய்ந்ததெனச் சொல்லோம். மணவினையில் அது சில தலைமுறை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் 1950இன் குழுப்பகுதிச் சட்டம் வந்தபோது, கேட்டோ மேனர் குடிசைகளிலிருந்து விரட்டப்பட்டோரிடம் எவரும் பட்டம் விசாரிக்கவில்லை. தோலின் நிறமே போதுமாயிருந்தது. அம்மக்களின் கதையை எழுதிய நாடகாசிரியர் பெயர் ரோனி கோவெண்டர்!

பட்டத்தைச் சுமப்பவன் சாதியையும் சுமக்கிறானா? பட்டத்தை இறக்கியவன் சாதியையும் இறக்கிவிட்டானா? இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டம் துறக்கத் தீர்மானித்தது. பெரியார் 'நாயக்கர்' நீக்கினார். தமிழகத்துப் பெயர்களின் வால் அறுந்தது; வடநாட்டார் வியக்கும் மாற்றம் அது. அதன் பெருமையைக் குறைக்கோம். ஆனால் வால் அறுந்த பெயருடையோன் மகளுக்கு மணமகன் தேடும் நாளில் என்ன கேட்கிறான்? ஊரைக் கேட்கிறான், குலத்தைக் கேட்கிறான், குலதெய்வத்தைக் கேட்கிறான். பெயரில் இல்லாதது வீட்டுக்குள் பத்திரமாயிருக்கிறது.

திருமுருகன்பூண்டியில் சுந்தரரின் பொன்மூட்டையைச் சிவகணங்கள் வேடர் வேடத்தில் பறித்தன என்பது புராணம். பொன் பறிபோன ஊர். பட்டமோ எவராலும் பறிக்கப்படவில்லை! மண அழைப்பிதழிலே இன்றும் அது அச்சேறுகிறது. உளியோசை கேட்கும் சிற்பக்கூடங்களைத் தாண்டிச் சென்றால் பின்னலாடைக் கம்பெனிகள். அங்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளின் பெயர்களைச் சம்பளப் பதிவேட்டில் ஓர் எழுத்தர் எழுதுகிறார், நேட்டால் கப்பலின் எழுத்தரைப் போல, காதில் விழுந்தபடி.

அதே வட்டாரத்து இளைஞன் ஒருவன் வேலைக்காக வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்புகிறான். குடும்பப் பெயர் என்றொரு கட்டம். பலர் தந்தை பெயரை எழுதிவிட்டுப் போகின்றனர். சிலரோ பாட்டன் விட்டெறிந்த பட்டத்தைத் தேடியெடுத்து அதில் பொருத்துகின்றனர். அன்று கேட்டவன் கப்பல் எழுத்தன். இவர்களைக் கேட்டவர் யார்?