குகைக்குள் போகிறவன் பெயர்

ஆங்கிலத்தில் 'ஸ்பெலங்கர்' என்று ஒரு பதம் உண்டு. பொழுதுபோக்காகக் குகைகளில் இறங்கிப் பார்க்கிறவன் என்று அகராதி அர்த்தம் சொல்லும். குகையைக் குறிக்கும் 'ஸ்பெலுங்கா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கும் மூலம் கிரேக்கம். இத்தனை குலப்பெருமை உள்ள சொல்லை இன்று அமெரிக்காவில் தேர்ந்த குகையாளி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முகம் சுளிப்பார். தம்மைக் 'கேவர்' என்றே அழைக்கவேண்டும் என்பார்.

வேடிக்கை என்னவென்றால், இது எதிரிகள் சூட்டிய பெயரல்ல. 1940-களில் நியூ இங்கிலாந்தில் குகை தேடித் திரிந்த சிலர் தாங்களே ஆசையோடு வைத்துக்கொண்டது. கிளே பெர்ரி என்ற எழுத்தாளர் அவர்களைப் பற்றி எழுதினார், சொல் பரவியது. பிறகு, தலைக்கவசமின்றி ஒற்றை டார்ச்சோடு நுழைந்து மாட்டிக்கொள்கிறவனுக்கு அது போய்ச் சேர்ந்தது. 'ஸ்பெலங்கர்களைக் கேவர்கள் மீட்கிறார்கள்' என்று காரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு!

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அறியாமல் இறங்குகிறவனைத் தூக்கிவர இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணக்கல் விழுதை ஒரு நொடியில் ஒடித்துவிடுவான். ஆனால், இருட்டுக்கு மூன்று விளக்கு வேண்டும் என்பதைத் தாயின் வயிற்றிலேயே கற்று வந்தவர் எவர்? கற்றவன் கல்லாதவனுக்குக் கற்றுக் கொடுக்கலாம். பெயர் வைத்து ஒதுக்குவது அதைவிட எளிது. அதனால்தானோ என்னவோ இந்தப் பிரயோகம் இவ்வளவு சுலபமாக வேரூன்றிவிட்டது.

கென்டக்கியில் பிளாய்ட் காலின்ஸ் என்பவர் இருந்தார். 1917-ல் கிறிஸ்டல் குகையைக் கண்டுபிடித்தவர். அந்த வட்டாரத்தில் அவருக்கு மிஞ்சிய அனுபவசாலி அபூர்வம். 1925 ஜனவரி 30-ல் மணற்குகை எனப்பட்ட இடத்தில் தனியாக, ஒரே ஒரு லாந்தரோடு இறங்கினார். ஒரு கல் பெயர்ந்து காலைப் பிடித்துக்கொண்டது. மேலே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திருவிழாப்போல் கூடினார்கள். பக்கத்தில் குழி தோண்டி பிப்ரவரி 16-ல் எட்டியபோது உயிர் இல்லை.

அவரை எந்தப் பெயரில் சேர்ப்பது? தனியே போனதைப் பார்த்தால் ஒன்று; அனுபவத்தைப் பார்த்தால் மற்றொன்று. அவர் போனதோ பொழுதுபோக்கவும் அல்ல. கிறிஸ்டல் குகை ஒதுக்குப்புறம், பார்க்க வருகிறவர்கள் குறைவு. சாலைக்குப் பக்கமாக இன்னொரு குகை கிடைத்தால் நாலு காசு பார்க்கலாம் என்று தேடிப் போனார்.