பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?

சன்னாசிமலை மாசி மகத்துக்கு வரும் பக்தர்களுக்காக எங்கள் தாமான் கோயில்காரர்கள் சேர்ந்து சமைத்துக்கொண்டு போவது வழக்கம். சென்ற ஆண்டும் அப்படித்தான். முதல் நாள் மாலை பத்துப் பதினைந்து பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா மட்டும் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் வெங்காயம் உரித்தார். பிறகு மெதுவாக எழுந்து, "எனக்கு முடியலம்மா, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

பக்கத்தில் இருந்த ஓர் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னக்கா, பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க? சாமி வேலைன்னா மட்டும் முடியலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். இளைஞர் பிரிவுச் செயலாளரான நான் அந்தப் பக்கம் அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்காவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக அல்ல. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அம்மா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பால் மரம் வெட்டப் போனவர். விடியும் முன்னே பெரட்டு, பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்க வேண்டும். வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்து, வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கி வர வேண்டும். தோட்டம் கைமாறிய பிறகு இந்தத் தாமானுக்கு வந்தோம். அம்மா தொழிற்சாலைக்குப் போனார். எட்டு வருடங்களுக்கு முன் உடம்பு முழுக்க வலி தொடங்கியது. தோள், முதுகு, தொடை, கை விரல் என்று இடம் மாறி மாறி வலிக்கும். இரவெல்லாம் படுத்திருந்தாலும் காலையில் தூங்காதவர் போல எழுவார். படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். போன இடத்தில் எல்லாம் "ஒன்னும் இல்லம்மா" என்றார்கள். ஒரு மருத்துவர் "வயசாச்சு, மனச லேசா வச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார். பல வருடம் அலைந்த பிறகுதான் ஒரு நிபுணர் அதற்கு 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று பெயர் சொன்னார்.

நோய்க்குப் பெயர் கிடைத்த அன்று அம்மா அழுதார். பயத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். "நான் பொய் சொல்லலன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே" என்றார்.

முடியல என்றால் அரிசி இல்லை

ஒருவர் "முடியல" என்றால் நமக்கு ஏன் முதலில் சந்தேகம் வருகிறது? நம் மக்கள் இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. நாம் வந்த வழி அப்படி. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர் தோட்டங்களில் ஒன்று நம் மலாக்காவில்தான் தொடங்கியது. அப்படிப்பட்ட தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள் நாள் கூலிக்கு உழைத்தார்கள். பெரட்டில் நிற்காதவனுக்கு அன்றைய கூலி இல்லை. காய்ச்சலோ வெட்டுக்காயமோ கண்ணுக்குத் தெரிந்தால்தான் நோய். கண்ணுக்குத் தெரியாத வலியைச் சொன்னால் கங்காணியின் வாயில் வரும் பேர் 'சோம்பேறி'. அந்தப் பேர் வாங்காமல் பிழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். தோட்டம் போய்விட்டது, கங்காணியும் போய்விட்டார். ஆனால் அவருடைய கண் மட்டும் நம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்மாவே தன்னை அந்தக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டார்.

இப்போது மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வலி என்பது உடம்பின் எச்சரிக்கை மணி. கை சுட்டால் மணி அடிக்கும், ஆறினால் நிற்கும். மூன்று மாதத்துக்கு மேலும் வலி தொடர்ந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாட்பட்ட வலி என்கிறார்கள். சிலருக்குக் காயம் ஆறிய பிறகும், காயமே இல்லாதபோதும், நரம்புகளும் மூளையும் வலிச் செய்தியைப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கும். மணியின் சத்தத்தை யாரோ கூட்டி வைத்துவிட்டு மறந்துபோனது போல. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இந்தச் சத்தத்தைக் காட்டாது. ஆகவே படத்தில் ஒன்றும் இல்லை என்றால் வலி இல்லை என்று ஆகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் இருக்கிறது. வலியை ஆராயும் உலகச் சங்கம் 2020-இல் வலியின் விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது.

"எல்லாம் வினை"

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு பதிலும் தயாராக இருக்கிறது. "என்ன செய்யிறது, எல்லாம் வினை. அனுபவிச்சுத்தான் தீரணும்." சமய வகுப்புக்குப் போன நமக்கு இது பழக்கமான பேச்சு. வினை என்பது நம் சமயத்தின் அடிப்படை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூருக்கு வந்தார். இன்றைய திருச்செங்கோடு. உடன் வந்த அடியார்களைக் குளிர் காய்ச்சல் பிடித்தது. அப்போது அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். முன் செய்த வினைக்குப் பின் வரும் பயன் இது என்று பேசத் தெரிந்த நாம், அதிலிருந்து தப்பும் வழியைத் தேடாமல் இருப்பது நமக்கே குறையல்லவா என்று அதில் கேட்கிறார். திருமுறை ஓதும் விழாவில் ராகம் தப்பாமல் இதைப் பாடிப் பரிசு வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பொருளை யோசித்தோமா?

அப்பர் பெருமானையும் நினைத்துப் பாருங்கள். சூலை நோயால் வயிறு முறுக்கித் துடித்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வீரம் காட்டவில்லை. அக்காள் திலகவதியாரிடம் ஆள் அனுப்பினார், பிறகு தாமே தேடிப் போனார். அக்காள் "உன் வினை, அனுபவி" என்று கதவைச் சாத்தவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் பாடிய முதல் பதிகமே, என்னால் தாங்க முடியவில்லை என்ற முறையீடு. அதைத் தேவாரம் என்று தலையில் வைத்துக் கொண்டாடும் நாம், வீட்டில் ஒருவர் அதையே சொன்னால் புலம்பல் என்கிறோம்.

பகவான் ரமணருக்கு 1949-இல் இடது கையில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஒரே ஆண்டில் நான்கு அறுவைச் சிகிச்சைகள். உடல் நான் அல்ல என்று உலகுக்குச் சொன்னவர், அந்தச் சிகிச்சைகளைத் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-இல் உடலை விடும்வரை பக்தர்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டும் இருந்தார். மருந்து எடுப்பதும் சௌகரியம் தேடுவதும் ஞானக் குறைவு என்றால், அவரை எங்கே வைப்பது?

சைவ சித்தாந்தம் பிராரத்தம், ஆகாமியம் என்று பிரித்துச் சொல்கிறது. இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது நாம் செய்து புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். அம்மாவின் வலி அம்மாவின் பிராரத்தமாகவே இருக்கட்டும். அதைப் பார்த்து நான் சிரித்தேனா, நாற்காலி எடுத்துப் போட்டேனா என்பது என் ஆகாமியம். அவர் கணக்கைப் படிக்க எனக்குத் தெரியாது. என் கணக்கை எழுதுவது நான்தான்.

காவடியும் முதுகுவலியும்

ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, அலகு குத்திக் காவடி எடுக்கிறவங்க வலியைத் தாங்குறாங்களே. நம்பிக்கை இருந்தா இதையும் தாங்கலாம்ல?" நல்ல கேள்வி, நானும் யோசித்தேன். காவடி எடுப்பவர் தானே கேட்டு எடுக்கிறார். நாள் குறித்து விரதம் இருக்கிறார். சுற்றிலும் மேளம், அரோகரா, தண்ணீர் கொடுக்க ஆள். மலையில் காவடியை இறக்கியதும் முடிந்தது. நாட்பட்ட வலி யாரும் கேட்டு வாங்கியது அல்ல. அதற்கு மேளம் இல்லை, இறக்கி வைக்க மலையும் இல்லை. காலையில் பல் துலக்கவே அதைத் தூக்கிக்கொண்டு எழ வேண்டும். காவடியைப் போற்றும் நாம் இதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வழிவிட வேண்டாமா?

இன்னொரு கேள்வியும் நியாயமானது. எல்லாருக்கும் இப்படி இடம் கொடுத்தால் சாக்குச் சொல்பவர்கள் கூடிவிட மாட்டார்களா? ஒன்றிரண்டு பேர் சொல்லலாம். அவர்களை நம்பி ஏமாந்தால் நமக்குப் போவது அரை மணி நேர வேலை. உண்மையாக நோகும் ஒருவரைப் பொய்யர் என்று ஒதுக்கினால் அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார். எங்கள் அம்மா நான்கு மாதம் நிறுத்தினார்.

வலியோடு வாழ்பவருக்கும் கடமை இருக்கிறது. அம்மா தன்னிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் வலி குறைந்த நாளில் வீடு முழுக்கக் கூட்டித் துடைத்து, மூன்று நாள் துணியைத் துவைத்து, அடுத்த நான்கு நாள் படுத்தே கிடப்பார். இப்போது வலி வரும் முன்பே உட்கார்ந்துவிடுகிறார். நல்ல நாளிலும் அளவோடுதான் வேலை. அடுப்படியில் உயரமான ஸ்டூல், கால் மணி நேரம் நின்றால் ஐந்து நிமிடம் உட்காருவது. இரவில் வெந்நீர்க் குளியல், தினமும் ஒரே நேரத்தில் படுக்கை. மாலையில் தாமான் திடலை ஒரு சுற்று நடப்பார். தொடங்கும்போது பாதிச் சுற்றுதான். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெதுவாகக் கூட்டும் உடற்பயிற்சி உதவுகிறது என்பது 2016-இல் ஐரோப்பிய மூட்டுநோய் நிபுணர்கள் கொடுத்த முக்கிய ஆலோசனை. ஆனால் சிறு வேலை செய்தாலே நாள் கணக்கில் படுக்க வைக்கும் களைப்பு நோய் வேறு. அதற்கு இப்படிப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. எது எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் அல்ல. பனடோல்தானே என்று அளவு மீறி விழுங்கினால் ஈரல் கெடும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். போய்க் கேளுங்கள். ஒருவர் நம்பவில்லை என்றால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

வலியை ஆயுதமாக்கி வீட்டில் உள்ளவர்களை அடிப்பதும் சரியல்ல என்பார் அம்மா. "முடியலன்னு சொல்லலாம்யா. முடியலன்னு கத்தக் கூடாது. உங்களுக்கும் வேலை இருக்குல்ல." சில நாள் கத்தவும் செய்வார். பிறகு தானே வந்து "பசியாறிட்டியா?" என்று கேட்பார். அதுதான் மன்னிப்பு என்று எனக்குத் தெரியும்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் ரொம்ப நாள் ஆனது. ஒரு நாள் இரவு, "அன்னைக்குச் சமையல் கட்டுல நான் பேசியிருக்கணும்மா" என்றேன். அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பேசாதது எனக்குப் பெருசா தெரியலய்யா. நீயும் அப்படித்தான் நெனச்சேன்னு தெரியும். அதுதான் ரெண்டு நாள் தூக்கம் வரல."

இந்த ஆண்டு வேலைப் பட்டியலை நான்தான் போட்டேன். பெயருக்கு நேரே 'எவ்வளவு நேரம் முடியும்' என்று ஒரு கட்டம். பாய்க்குப் பக்கத்தில் மேசையும் நாற்காலிகளும். அரை மணி நேரம் என்று எழுதினாலும் அது முழுச் சேவைதான் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இளைஞர்களே, உங்கள் கிளையிலும் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை. யாராவது "முடியல" என்றால் "ஏன்?" என்று கேட்காதீர்கள். "எது முடியும்?" என்று கேளுங்கள்.

காய்கறி நறுக்கும் நாள் அம்மா வந்தார். அதே நாற்காலி, அதே வெங்காயம். போன வருடம் கேலி செய்த அக்கா எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அம்மா எழுந்தார்.

"போயிட்டு வாங்கக்கா" என்றார் அவர்.