சாவி கொடுத்தலும் ஹிம்சாதானமும்

ஆசாரியர் சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார் விலக்க வேண்டிய பயனில் செயல்கள் ஐந்தனுள் ஹிம்சாதானத்தையும் ஒன்றாக வைத்தார். கோடரி, வாள், தீ, நஞ்சு முதலியவற்றைப் பிறர்க்கு வழங்குதலே அது. வளர்ந்த மகன் கையில் காரின் சாவியை வைக்கும் தந்தையர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. கார் கொலைக் கருவியன்றே எனலாம். கோடரியும் விறகு பிளக்கவே செய்யப்பட்டது.

அங்ஙனமாயின் சாவியைக் கொடாதிருப்பதுதான் அறமோ? அன்று என்பதே நம் கருத்து. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்குங்கால், உயிர் போக்குதல் என்று மட்டும் கூறி அமையவில்லை. பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பற்ற மன, மொழி, மெய்களின் இயக்கத்தால் உயிர் போக்குதல் என்கிறது. குற்றத்தின் வேர் ஊர்தியில் இல்லை. முனிவர் நான்கு முழ நிலத்தை நோக்கியே அடியெடுத்து வைப்பர். இது ஈரியா சமிதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் இருப்பவன் இரண்டு நொடி கைபேசியை நோக்கினால், 33 மீட்டர் நிலத்தைப் பாராமலே கடக்கிறான். இவ்விழிப்பு பழக்கத்தால் வருவது. பழகச் சாவி வேண்டும்.

கொடுத்த பின் நாம் செய்வதே கவலை தருகிறது. மகன் ஒருவரது பைக்கை இடித்துவிடுகிறான். தந்தை விரைந்து சென்று பணம் கொடுத்து முடிக்கிறார். எவ்வளவு என்பது மகனுக்குத் தெரியாது. உரிமம் பெறாதவன் ஓட்டியிருந்தால், "ஓட்டியவன் நானே" என்று காப்பீட்டுத் தாளில் கையொப்பமிடும் தந்தையரும் உளர். பிள்ளைப் பாசத்தால் சொன்ன பொய் என இதனைச் சிலர் பொறுப்பர். நாம் பொறோம். வாய்மை அணுவிரதம் அங்கே மகன் கண்ணெதிரிலேயே முறிகிறது. சட்டமும் கடுமையாகவே உள்ளது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவன் ஊர்தி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது உரிமையாளர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பணத்திலும் இதே மறைப்புத்தான். பொருளை வரையறுத்தல் நமக்கு ஐந்தாம் அணுவிரதம். ஆயினும் ஊரிலுள்ள நிலத்தில் நெல்லும் மணிலாவும் என்ன தந்தன, வீட்டுக் கடனுக்கு மாதந்தோறும் எவ்வளவு போகிறது என்பதை அறிந்த மகன்கள் எத்தனை பேர்? கணக்கைக் காட்டினால் தந்தையின் மதிப்புக் குறையும் என்று பெரியவர் சிலர் அஞ்சுகின்றனர். எல்லையே அறியாதவன் எல்லைக்குள் நிற்பது எங்ஙனம்?

இடிபட்ட பைக்கிற்கு மகனே தன் சம்பளத்திலிருந்து கொடுக்கட்டும். சம்பளம் இல்லையேல், மாதச் செலவுப் பணத்தில் சிறிது சிறிதாகக் கழியட்டும். க்ஷமாவணி நாளில் உற்றார் உறவினரிடம் பொறுத்தருள வேண்டுகிறோம். அந்தப் பைக்காரர் நம் உறவினர் அல்லர். நம் சமயத்தவரும் அல்லர். அவர் வீட்டு வாயிலுக்கு மகன் செல்லல் வேண்டும். தந்தை உடன் செல்லலாம். பேச வேண்டியவன் மகன்.