கோர்வை இல்லாத இடத்தில்

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா நாற்பது வருஷமாகத் தறி நெய்கிறவர். நான் பைத்தான் எழுதிப் பிழைக்கிறவன். ஒருநாள் மேட்பிளாட்லிப்பில் கிணறுகளின் நீர்மட்ட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். நீலத்தில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் ‘ஜெட்’ வண்ண வரிசை. எட்டிப் பார்த்த அப்பா மஞ்சள் பட்டையில் விரல் வைத்தார்.

“இங்க கோர்வை போட்ட மாதிரி இருக்கே. ரெண்டு பக்கமும் வேற வேற தண்ணியா?”

“இல்லப்பா. இது பத்து மீட்டர், அது பத்தரை மீட்டர். சும்மா கலர்தான்.”

“சும்மா கலர்னு ஒண்ணு இருக்கா?”

பதில் வரவில்லை. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சந்திக்கிற கோடு பளிச்சென்று தெரியும். அங்கே உண்மையிலேயே இரண்டு நிற ஊடைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. அதற்கு மூன்று நாடா வேண்டும், கூட இன்னொரு ஆளும் வேண்டும். என் கோட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு சொல்.

ஜெட்டின் வெளிச்சம் சீராக ஏறுவதில்லை. நடுவில் எகிறும், ஓரங்களில் இருளும். எண்கள் மெல்ல மாறினாலும் கண் அங்கே எல்லை காணும். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவருக்கோ வேறுபாடுகள் சில காணாமலே போகும். இதற்காகத்தான் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நதானியேல் ஸ்மித்தும் 2015இல் ‘விரிடிஸ்’ஸை முன்வைத்தார்கள். 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில், நாம் எதுவும் சொல்லாவிட்டால் வரும் நிறமாக அதுவே ஆனது.

ஆக, “மென்பொருள் கொடுத்த நிறம்” என்று நான் தப்பிக்க முடியாது. வேலை கொடுத்தவர் “பளிச்சுனு இருக்கட்டும்” என்றார். நானே ஜெட் என்று எழுதினேன். சிவப்புப் பக்கம் விழுந்த ஊரில் ஒருவர் நிலம் விற்கப் போனால், அரை மீட்டர் வித்தியாசத்துக்கு அவர் என்ன விலை கொடுப்பார்?

விரிடிஸ் மட்டும் அப்பாவியா? அதுவுமில்லை. எந்த எண்ணில் நிறம் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்பதை நான்தானே வைக்கிறேன். குறுகலாக வைத்தால் அரை மீட்டரும் பள்ளத்தாக்காகத் தெரியும். குற்றமற்ற நிறம் என்று ஒன்று கிடையாது. நிறம் மாறும் இடத்தில் விஷயமும் மாறுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். அப்பா கேட்டதும் அதைத்தான்.

அந்தச் சொல்லை மாற்றினேன், எல்லைகளையும் தளர்த்தினேன். மஞ்சள் பட்டை மறைந்தது. ஊர்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நின்றன. அனுப்பினேன்.

“பழையதே நல்லா இருந்துச்சே” என்று பதில் வந்தது.

நன்றாகத்தான் இருந்தது.