நிலத்தோடு நிற்கும் சொல்

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அளித்தபோது, அரசன் வாய்மொழிந்ததை ஓலை எழுதுவோர் எழுதிக்கொண்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை. நாட்டாரும் அக்கம்பக்கத்து ஊரார்களும் கூடி, பெண்யானை ஒன்றை நடத்தி, அது சுற்றிவந்த எல்லையைத் தாமும் உடன்நடந்து கண்டு, கல்லும் கள்ளியும் நாட்டி, நீர் பாயும் வழி, வடியும் வழி உட்பட யாவற்றையும் எழுத்திலிட்டுக் கொடுத்த பிறகே அந்தத் தானம் நிறைவெய்தியது. அதைச் செம்பில் வெட்டி நிலைநிறுத்துமுன் அரசன் மறைந்துவிட்டான். தந்தையின் சொல்லுக்குச் சாசன வடிவம் கொடுத்தவன் மகன் இராஜேந்திரன். லெய்டன் செப்பேடுகள் என்று இன்று வழங்கும் அந்த ஏடுகளைப் பற்றி நினைக்குந்தோறும் என் மனம் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. கொடுத்தவன் சைவன், பெற்றது ஸ்ரீவிஜயத்து அரசன் எடுப்பித்த பௌத்தப் பள்ளி, சாட்சி நின்றவர்களோ இரண்டுக்கும் புறம்பான உழவூர்களின் மக்கள். அந்த உழவர்கள் எதற்காக அங்கே நடந்தார்கள்?

இந்தக் கேள்வியைச் சரித்திர ஆராய்ச்சிக்கென்று விட்டுவிட என்னால் இயலவில்லை. கல்விக்கென்றும் அறத்துக்கென்றும் நிலம் பெறுகிற ஒரு ஸ்தாபனம், பெறும்போது ஒரு வாக்குக் கொடுக்கிறது. இன்னது கட்டுவேன், இன்னதற்குப் பயன்படுத்துவேன், இத்தனை நிலத்தைத் திறந்தவெளியாக விடுவேன் என்று அது சொல்லுகிறது. சொன்னவர் மாறி, கேட்டவரும் மாறிய பிறகு, அந்த வாக்கு யாரைக் கட்டுப்படுத்தும்? அது நிறைவேறிற்றா என்று விசாரிக்கும் உரிமை ஊருக்கு எங்கிருந்து வருகிறது?

பூர்வ மீமாம்சையில் விசுவஜித் என்றொரு யாகம் பேசப்படுகிறது. அதைச் செய்கிறவன் தனக்கு உரியது அனைத்தையும் தக்ஷிணையாகக் கொடுத்துவிட வேண்டும். சக்கரவர்த்தி ஒருவன் அதைச் செய்தால் பூமியையும் கொடுத்துவிடலாமா என்ற சந்தேகம் எழுகிறது. கூடாது என்கிறார் ஜைமினி. பூமி எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால், எவனும் அதைத் தன்னுடையதென்று எடுத்துக் கொடுக்க முடியாது என்பது அவர் காட்டும் காரணம். அரசனுக்குள்ள உரிமை, காப்பதற்காக விளைவில் ஒரு பங்கு பெறும் உரிமையே ஒழிய மண்ணின்மேல் முழு ஆதிபத்தியம் அன்று. அந்தச் சூத்திரங்களுக்குப் பாஷ்யம் செய்த சபரர் வேறோர் இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தேவனுடைய ஊர், தேவனுடைய வயல் என்று உலகத்தார் சொல்வது உபசார வழக்கு. தேவதை அந்த வயலைத் தன் விருப்பப்படி ஆளுவதில்லை, தேவதைக்குப் பணிசெய்வோர் அதனால் ஜீவிக்கிறார்கள், அவ்வளவே என்கிறார். பக்தி மிகுந்த உள்ளத்துக்கு இந்த வாக்கியம் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். ஆயினும் அதில் அடங்கிய உண்மை பெரிது. தெய்வத்துக்கே மண் இவ்விதந்தான் சொந்தம் என்றால், தெய்வத்தின் பெயராலோ கல்வியின் பெயராலோ நிலத்தை வைத்திருக்கும் ஸ்தாபனத்துக்கு அது எவ்விதம் சொந்தமாகும்? கொடுப்பவன் கொடுத்தது பயனை. பெற்றவன் பெற்றது ஒரு கடமையை. மண் பொதுவிலேயே நிற்கிறது. ஆனைமங்கலத்து எல்லையில் அந்த உழவர்கள் அன்னியர் விவகாரத்தைப் பார்க்கப் போனவர்கள் அல்லர் என்றே நான் கொள்கிறேன்.

பழைய சாசனங்களை எழுதியவர்கள் மனிதசுபாவத்தை நன்கு அறிந்தவர்கள். கொடுப்பதும் காப்பதுமாகிய இரண்டில் காப்பதே மேலானது என்ற கருத்தை ஏடுதோறும் பொறித்தார்கள். இந்தத் தர்மத்தைப் பின்னாளில் காப்பவனுடைய பாதத்தைத் தம் தலைமேல் ஏற்பதாக அரசர்களே சொல்லிக்கொண்டார்கள். அழிப்பவனுக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை விதித்தார்கள். அந்தச் சாபம் பலித்ததோ இல்லையோ, அது போய்ச் சேர ஒரு நெஞ்சு இருந்தது. இரவில் தூக்கம் கெட்டுப் புரள ஓர் உடம்பு இருந்தது.

நம் காலத்து ஸ்தாபனத்துக்கு அந்த நெஞ்சு இல்லை. சட்டம் கோயில் மூர்த்தியை ஒரு நபராகவும், அதிலும் என்றென்றும் மைனராகவும் பாவிக்கிறது. பல்கலைக்கழகத்தையும் ஒரு நபராகவே பாவிக்கிறது. அந்த நபர் சொத்து வாங்கலாம், வழக்காடலாம், ஒப்பந்தம் செய்யலாம். வெட்கப்பட முடியாது, மரண பயம் கிடையாது, மறுபிறவியைப் பற்றிய கவலையும் இல்லை. துணைவேந்தர் மூன்றாண்டில் ஓய்வு பெறுகிறார், ஆட்சியர் அதற்கும் முன்னரே மாற்றலாகிப் போகிறார், மன்ற உறுப்பினர் ஐந்தாண்டில் தேர்தலைச் சந்திக்கிறார். கொடுத்த வாக்கோ இவர்கள் எல்லாருடைய பதவிக்காலத்தையும் தாண்டி நிலத்தோடு நிற்கிறது. வாக்கு மீறப்பட்டால் அந்தக் கர்மபலன் யாரைச் சேரும் என்று ஒரு வேதாந்தியைக் கேட்டால் அவர் யோசிக்கத்தான் வேண்டும். மனச்சாட்சி இயற்கையில் அமையாத ஒரு நபருக்கு அது வெளியிலிருந்தே வரவேண்டும் என்பதும், அது வருவதற்குரிய இடம் சுற்றியிருக்கும் ஊரே என்பதும் என் துணிபு.

தஞ்சாவூர் இதை யோசிப்பதற்கு மிகத் தகுந்த இடம். நகருக்கு வடக்கே வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் காவிரியும் ஓடும் வண்டல் வயல். தென்மேற்கே வல்லத்தை நோக்கி ஏறும் செம்மண் மேடு. இந்நகரின் பல்கலைக்கழகங்கள் யாவும் அந்த மேட்டுப் பக்கத்தில் எழுந்தவை. நஞ்சை தப்பியது என்று மகிழ்வோர் உண்டு. ஆனால் மேட்டு நிலத்துக்கும் ஒரு தொழில் இருந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அங்கிருந்து இறங்கும் சிவந்த நீரைச் சேவப்பநாயக்கன் ஏரி வாங்கிக்கொள்ளும்; வண்டலைத் தன் மடியில் படியவிட்டு, தெளிந்த நீரை ஜலசூத்திரம் என்னும் நிலத்தடிக் குழாய்வழியே பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்துக்கு அனுப்பும். மேட்டில் எழும் ஒவ்வொரு சுவரும், மூடப்படும் ஒவ்வோர் ஓடையும் இந்த ஏற்பாட்டில் கைவைக்கிறது. பட்டாவில் யார் பெயர் இருந்தாலும், அந்த மழையில் ஊருக்குப் பங்கு உண்டு.

1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த மேட்டில் ஏறத்தாழ 1,000 ஏக்கரில் தொடங்கப்பெற்றது. மேலிருந்து நோக்கினால் ‘தமிழ்நாடு’ என்ற எழுத்துக்கள் தெரியும்படி கட்டடங்களை வகுத்த திட்டம் முற்றுப்பெறவில்லை; ஒரு மொழிக்கென்று ஒதுக்கிய நிலத்தின் ஒரு பகுதியில் இன்று மாவட்ட ஆட்சியர் வளாகம் நிற்கிறது. அரசாங்கம் கொடுத்ததை அரசாங்கமே எடுத்துக்கொண்டதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். இராஜேந்திரன் தந்தையின் தானத்தை எடுத்துக்கொண்டிருந்தாலும் இதே வாதத்தைச் சொல்லியிருக்கலாம்.

வாக்கு மாறவே கூடாதா, காலம் மாறும்போது அதுவும் வளையலாமா என்ற வினாவுக்குத் தஞ்சைச் சத்திரங்களின் கதையைப் போல விடை தருவது வேறொன்றை நான் அறியேன். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டைக்குள் அரசராக எஞ்சிய இரண்டாம் சரபோஜி, 1801-இல் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களுக்காக மன்றாடுகிறார். இராமேசுவர யாத்திரிகருக்கு ஜாதிபேதமின்றி அன்னம் இடுவதையும், நோயுற்றோருக்கு வைத்தியம் செய்வதையும், கர்ப்பிணிகளைப் பராமரிப்பதையும், அனாதைக் குழந்தைகளை வளர்ப்பதையும், பாடசாலை ஆசிரியர்களையும் விவரமாக எடுத்துரைக்கிறார். நாட்டை இழந்ததைவிடத் தர்மம் தடைப்படுவது அந்த மனிதரை அதிகம் வருத்தியது என்பதை அக்கடிதம் காட்டுகிறது. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் அடுத்து வந்த காலத்தது. மராட்டிய வமிசம் 1855-இல் ஆட்சியுரிமை இழந்தது. சத்திரங்களும் அவற்றின் நஞ்சை நிலங்களும் காலக்கிரமத்தில் ஜில்லா போர்டின் பரிபாலனத்துக்கு வந்தன. ரயில் வந்தது, கால்நடை யாத்திரிகர் குறைந்தனர். சத்திர நிதியின் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பியது. 1881-இல் திருவையாற்றில் சமஸ்கிருதக் கல்லூரி தோன்றியது.

1920-களில் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், அங்கே தமிழும் கற்பிக்கப்பட வேண்டும் என்று விரும்பியபோது, அறக்கொடை சமஸ்கிருதத்துக்கு மட்டுமே உரியது என்ற ஆட்சேபம் எழுந்தது. அவர் அதிகாரத்தைக் காட்டி ஆட்சேபத்தை அடக்கவில்லை. மூலசாசனத்தை எடுத்துப் படிக்கச் செய்தார். அப்படியொரு வரையறை அதில் இல்லை என்று தெரிந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரும் துணைநிற்க, கல்லூரி அரசர் கல்லூரியாயிற்று. தமிழ் வித்துவான் வகுப்பு நடந்தது. ஒரு பிரிவினருக்கே உணவும் இடமும் தந்துவந்த ஒரத்தநாடு, இராஜாமடம் விடுதிகளின் கதவையும் அவர் மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். வயலிலே பிறந்து வயலிலேயே முடிந்திருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சோற்றை உண்டு எழுத்தறிந்தார்கள். யாத்திரிகருக்கு ஜாதி பாராது அன்னமிடப் பிறந்த நிதியல்லவா அது! நூறாண்டுப் பழக்கம் மறைத்துவிட்ட சங்கல்பத்தை, மேற்பார்க்கும் பொறுப்பிலிருந்த ஒருவர் மூலத்தைப் படித்து மீட்டார். மேற்பார்வை என்பது தடுப்பதற்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணுவோர் பன்னீர்செல்வத்தின் செயலை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே மாவட்டத்துத் திருமலைசமுத்திரத்தில் நம் காலத்தில் எழுந்த வழக்கு வேறு வகையானது. திறந்தவெளிச் சிறைச்சாலை அமைப்பதற்கென்று சிறைத்துறைக்கு ஒதுக்கப்பட்ட அரசு நிலத்தில், ஏறத்தாழ 31 ஏக்கரில், சாஸ்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அரசு காலிசெய்யச் சொன்னது. பல்கலைக்கழகம் ஈடாக வேறு நிலம் தருவதாக முன்வந்தது. நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. சட்டத்தின் முடிவு சட்டத்துக்கு உரியது. அங்கே பயின்று வெளிவந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பெற்ற கல்வி மெய்யான நன்மை என்பதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் ஈடு என்ற சொல்லைத் தர்மசாஸ்திரம் எவ்வாறு பார்க்கிறது என்று கேட்பது நம் கடமை.

யாகத்துக்கு விதித்த நெல் கிடைக்காதபோது என்ன செய்வது என்பதை மீமாம்சகர்கள் நெல் விளையும் நாட்டாருக்கே உரிய அக்கறையோடு ஆராய்ந்திருக்கிறார்கள். நெல் இல்லையெனில் அதற்கு மிக ஒத்த காட்டுநெல்லாகிய நீவாரத்தைப் பிரதிநிதியாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கிடைக்காதபோது மட்டுந்தான், கைக்கு எட்டும் நெல்லை விட்டு வசதிக்காக வேறொன்றைக் கொள்ள விதியில்லை. அவி யாருக்காக இடப்படுகிறதோ அந்தத் தேவதைக்கோ பிரதிநிதியே கிடையாது. இந்திரனுக்கு விதித்ததை அக்கினிக்கு இட்டுவிட்டு யாகம் முடிந்தது என்று சொல்ல முடியாது.

இந்த நியாயத்தை நிலத்துக்குப் பொருத்திப் பார்க்கிறேன். நிலத்துக்கு நிலம் ஈடாகக்கூடும், முதல் நிலம் ஈடு தருபவனின் செயலால் அல்லாமல் எட்டாமற்போயிருந்தால். பயன்பெற வேண்டியவனுக்கு ஈடு இல்லை. திறந்தவெளிச் சிறையில் மதிற்சுவரின் நெருக்கம் இல்லாமல் மண்ணைக் கொத்தி, பயிர் செய்து, மனிதனாக ஊர் திரும்பவேண்டிய கைதி ஒருவனுக்குப் பதிலாக, எத்தனை நல்ல மாணவனை அந்த இடத்தில் நிறுத்தினாலும் கைதியின் கடன் தீர்வதில்லை. மாணவனுக்காகப் பேசப் பெற்றோரும் வழக்கறிஞரும் உண்டு. கைதிக்காக அந்த நிலத்தின்மேல் பேசுவதற்குப் பதிவேட்டில் எழுதிய ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த விவகாரத்தில் என்னைப் பெரிதும் வருத்துவது இதுவே. பன்னீர்செல்வம் பயன்பெறுவோரின் வட்டத்தை விரித்தார். ஒருவரை நீக்கி இன்னொருவரை வைக்கவில்லை.

தஞ்சை 2014-இல் மாநகராட்சியாயிற்று. அதன் எல்லைக்கு அப்பால் வல்லம் பேரூராட்சி, திருமலைசமுத்திரம் ஊராட்சி, இடையிலே வருவாய்த்துறை, நகர் ஊரமைப்புத் துறை என்று பொறுப்பு பல கைகளில் சிதறிக்கிடக்கிறது. தமிழ்நாட்டு விதிகள் பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைப் பொதுவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதச் சொல்லுகின்றன. எழுதிய பத்திரம் அலமாரிக்குள் போனபின், அந்த வெளி வெளியாகவே இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது யார் வேலை என்பதில்தான் குழப்பம். சோழர் காலத்து உத்தரமேரூர்ச் சபை, கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினனை மட்டுமின்றி அவனுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கிவைத்தது. அந்தக் கடுமை நமக்கு வேண்டியதில்லை. இருக்கிற ஏற்பாடே போதும்.

ஆண்டுதோறும் பசலி முடிவில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலையும் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் சுமந்து வருகிறார்கள். பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மக்கள் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். கல்விக்காகவோ அறத்துக்காகவோ பொதுக்காரியத்துக்காகவோ நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலங்களின் பட்டியலும் அங்கே, அந்த மனுதாரர்கள் காதில் விழும்படி, வாசிக்கப்படட்டும்: சர்வே எண் இன்னது, பெற்றவர் இன்னார், எதற்காக, இன்று அதில் நிற்பது என்ன. மாநகராட்சியும் ஊராட்சியும் பேரூராட்சியும் அன்று ஒரே கூடத்தில் உட்காரட்டும். திருமலைசமுத்திரத்தின் கணக்கு எடுக்கப்படும்போது, சிறைத்துறையின் சார்பில் ஒருவர் எழுந்து அந்த 31 ஏக்கரைப் பற்றிக் கேட்பதற்கும், பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒருவர் விடை சொல்வதற்கும் அங்கே இரண்டு நாற்காலிகள் போடப்பட வேண்டும்.